ஆட்டோமேட்டிக் கார் மக்கர் பண்ணுதா? கடைசியாக மாட்டியதை முதலில் கழற்றுங்கள்!

சனிக்கிழமை பார்சல் வருகிறது. ஞாயிறு காலை யூடியூப் வீடியோவை ஓடவிட்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு ஸ்பேனரும் வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே மாட்டி முடித்தாகிவிட்டது. புது மேட், புது கியர் நாப், பெடல் பூஸ்டர், எல்.இ.டி பிரேக் லைட், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ என எதுவாகவும் இருக்கலாம். திங்கள்கிழமை ஆபீஸ் கிளம்பும்போது கார் பழைய காராக இல்லை. 'டி'-யில் போட்டால் இரண்டு விநாடி யோசித்துவிட்டு நகர்கிறது. மூன்றாவது கியருக்குப் போகவேண்டிய இடத்தில் இரண்டிலேயே நின்று உறுமுகிறது. சில நேரம் பின்னால் யாரோ இடித்ததுபோல ஒரு குலுக்கல்.

உடனே வரும் முதல் பயம், "கியர்பாக்ஸ் போச்சு!" என்பதுதான்.

இந்தப் பயத்தில் பலரும் இரண்டில் ஒரு தவறைச் செய்கிறார்கள். ஒன்று, நேராக ஒரு கராஜுக்குப் போய் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு டீ விலைக்குக் கிடைக்கும் ஃபியூஸில் முடியவேண்டிய வேலை, ஆயிரக்கணக்கில் பில்லாக வந்து நிற்கிறது. இன்னொன்று, "ஓட ஓட சரியாகிடும்" என்று அப்படியே ஓட்டுகிறார்கள். உண்மையிலேயே ஆயில் குறைந்து கிளட்ச் வழுக்கிக்கொண்டிருந்தால், நல்ல கியர்பாக்ஸை அவர்களே எரித்துவிடுகிறார்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. செலவில்லாத வழியும்கூட. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கார், நீங்கள் கைவைத்த மறுநாள் கோளாறு செய்தால், சந்தேகம் முதலில் போகவேண்டியது கியர்பாக்ஸ் மீது அல்ல. நீங்கள் கைவைத்த இடத்தின் மீது.

முதலில், உங்கள் காரில் இருப்பது எந்த ஆட்டோமேட்டிக்?

"ஆட்டோமேட்டிக்" என்று ஒரே பெயரில் அழைத்தாலும், நம் ஊர் ரோட்டில் நான்கு வகை ஓடுகின்றன. எது கோளாறு, எது இயல்பு என்பது வகைக்கு வகை மாறும்.

ஏ.எம்.டி: 2014-ல் மாருதி செலெரியோ மூலம் இந்தியாவில் பரவலான வகை. மாருதி இதை ஏ.ஜி.எஸ் என்கிறது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் சாதாரண கிளட்ச் பிளேட்டும்தான். உங்கள் இடது காலும் இடது கையும் செய்த வேலையை ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது. கியர் மாறும்போது லேசாகத் தலை ஆடுவது இதன் பிறவிக் குணம்.

டார்க் கன்வெர்ட்டர்: இனோவா கிரிஸ்டா போன்ற வண்டிகளில் இருப்பது. இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே ஆயில்தான் சக்தியைக் கடத்துகிறது. கியர் மாறுவது பெரும்பாலும் தெரியாது. இதில் திடீரென வெட்டு விழுந்தால் கவனிக்க வேண்டும்.

சி.வி.டி: ஹோண்டா சிட்டி போன்ற கார்களில் இருப்பது. படிப்படியான கியரே கிடையாது. இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஒரு பெல்ட். ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் இன்ஜின் சத்தம் ஏறி, பிறகு வேகம் ஏறுவது இதில் இயல்பு.

டி.சி.டி: ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா பெயரில் டி.எஸ்.ஜி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இரட்டை கிளட்ச். மாற்றம் மின்னல் வேகம். ஆனால், டிராஃபிக்கில் ஊர்ந்துகொண்டே இருந்தால் கிளட்ச் சூடேறும்.

உங்கள் காரில் எது என்று தெரியாவிட்டால், காருடன் வந்த கையேட்டில் இருக்கும். ஏ.எம்.டி-க்குச் சொன்ன வைத்தியத்தை சி.வி.டி-க்குச் செய்தால், புதிதாக ஒரு நோய்தான் வரும்.

கியர்பாக்ஸுக்குக் கண் கிடையாது

மேனுவல் காரில் ரோட்டைப் பார்ப்பது, இன்ஜின் சத்தம் கேட்பது, கியர் மாற்றுவது எல்லாமே டிரைவர்தான். ஆட்டோமேட்டிக்கில் அந்த முடிவை எடுப்பது ஒரு சின்ன கம்ப்யூட்டர். அதற்கு ரோடு தெரியாது, மேடு தெரியாது. வயர் வழியாக வரும் தகவலை மட்டும் நம்பி முடிவெடுக்கிறது.

ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிக்கப்பட்டிருக்கிறது, சக்கரம் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, இன்ஜின் எத்தனை சுற்றில் இருக்கிறது, பிரேக் மிதிக்கப்பட்டிருக்கிறதா, கியர் லீவர் எந்த இடத்தில் நிற்கிறது, ஆயிலின் சூடு எவ்வளவு, பேட்டரியில் எத்தனை வோல்ட்... முக்கியமானவை இவ்வளவுதான். இவற்றில் ஒன்று பொய் சொன்னாலும், கியர்பாக்ஸ் தப்பான முடிவை மிகச் சரியாக எடுக்கும்.

இது இன்றைய எலெக்ட்ரானிக்ஸ் கொண்டுவந்த பிரச்னை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 1980-களில் வந்த 700ஆர்4 என்ற கியர்பாக்ஸைக் கேட்டால் கதை கதையாகச் சொல்லும். அதில் கம்ப்யூட்டருக்குப் பதில் ஒரு கேபிள்தான், கார்புரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கியர்பாக்ஸுக்குச் சொல்லும். வீட்டு கராஜில் வேறு கார்புரேட்டர் மாட்டியவர்கள், அந்தக் கேபிளின் இழுவையைச் சரியாக வைக்காமல் விட்டுவிடுவார்கள். இன்ஜின் முழு பலத்தில் இழுக்கும். "மெதுவாகத்தான் போகிறோம்" என்ற தகவல் கியர்பாக்ஸுக்குப் போகும். அது உள்ளே ஆயில் அழுத்தத்தைக் குறைவாகவே வைத்திருக்கும். கிளட்ச்கள் வழுக்கி, சில மைல்களிலேயே கருகிவிடும். கியர்பாக்ஸில் எந்தக் குறையும் இருந்திருக்காது.

அன்று கேபிள், இன்று வயர். மற்றபடி கதை அதேதான்.

என்ன மாட்டினீர்கள், என்ன ஆகும்?

தரை மேட்: சின்ன விஷயம் என்று தோன்றும். ஆனால், முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். தடிமனான 7டி மேட் போட்டால் ஆக்சிலரேட்டர் பெடல் கடைசி வரை இறங்காமல் போகலாம். ஓவர்டேக் செய்ய முழுவதும் மிதிக்கும்போது கியர் இறங்கி இழுக்க வேண்டும். அதற்கான இடத்தைப் பெடல் தொடவே தொடாது. "புல்லிங் இல்லை" என்று இன்ஜினைத் திட்டுவோம். அதைவிட ஆபத்து, மேட்டின் ஓரம் பெடலைப் பிடித்துக்கொண்டு மேலே வரவிடாமல் செய்வது. இன்ஜினை அணைத்துவிட்டு, எல்லா பெடல்களையும் கையால் அமுக்கி விட்டுப் பாருங்கள். எங்கேயும் உரசக் கூடாது. பழைய மேட் மேல் புது மேட் போட்டிருந்தால், ஒன்றை இன்றே எடுத்துவிடுங்கள்.

கியர் நாப், லெதர் கவர்: நாபை மாற்றும்போது உள்ளே இருக்கும் பட்டனின் ஸ்பிரிங் சரியாக உட்காராமல் போகலாம். இறுக்கமான கவர், லீவரை அதன் பள்ளத்தில் முழுதாக விழவிடாமல் பின்னால் இழுக்கலாம். கண்ணுக்கு 'டி'-யில் இருப்பதுபோலத் தெரியும். சென்சாருக்கு 'என்'-னா 'டி'-யா என்று புரியாது. டாஷ்போர்டில் கியர் எழுத்து மின்னினாலோ, மறைந்து மறைந்து வந்தாலோ இதைச் சந்தேகப்படுங்கள். கவரைக் கழற்றிவிட்டு லீவரை ஒவ்வொரு இடமாக நகர்த்தினால் 'டக்' என்று உட்காருவது கைக்கே தெரியும்.

பெடல் பூஸ்டர்: இது இன்ஜினுக்கு ஒரு குதிரை சக்திகூடக் கூடுதலாகத் தருவதில்லை. ஆக்சிலரேட்டர் சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் கால்வாசி மிதித்தால் அரைவாசி மிதித்ததாகச் சொல்கிறது. அவ்வளவுதான். டிரைவர் அவசரத்தில் இருக்கிறார் என்று கியர்பாக்ஸ் நினைத்துக்கொள்கிறது. மேல் கியருக்குப் போகத் தாமதிக்கும். லேசாகத் தொட்டாலே கீழ் கியருக்குக் குதிக்கும். டவுன் டிராஃபிக்கில் குலுங்கிக் குலுங்கி வரும். பெடலில் வழக்கமாக இரண்டு சென்சார்கள் இருக்கும். இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று கம்ப்யூட்டர் சரிபார்க்கும். பூஸ்டரின் கனெக்டர் சரியாகப் பொருந்தாமல் இரண்டும் முரண்பட்டால், கார் பாதுகாப்புக்காக வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். பூஸ்டரை முழுவதும் கழற்றி, கம்பெனி கனெக்டரை நேராக மாட்டி ஓட்டிப் பாருங்கள். 'நார்மல்' மோடில் வைப்பது கழற்றியதற்குச் சமம் அல்ல.

பெரிய டயர்: ஒரு கணக்கு போடுவோம். 165/80 ஆர்14 டயரின் மொத்த உயரம் சுமார் 620 மி.மீ. அதற்குப் பதில் 185/65 ஆர்15 போட்டால் சுமார் 622 மி.மீ. வித்தியாசம் ஒன்றுமில்லை. கியர்பாக்ஸ் கண்டுகொள்ளாது. ஆனால், "இன்னும் கொஞ்சம் கெத்தா இருக்கட்டும்" என்று 205/65 ஆர்15 போட்டால் சுமார் 648 மி.மீ. அதாவது 4.5 சதவிகிதம் பெரிது. சக்கரம் முன்பு 80 கி.மீ. வேகத்துக்குச் சுற்றிய அதே சுற்றில், கார் இப்போது 83.6 கி.மீ. வேகத்தில் போகும். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. இன்ஜினுக்கும் ஒவ்வொரு கியரிலும் இழுக்கும் சுமை கூடும். ஏற்றத்தில் மூன்றா, இரண்டா என்று முடிவெடுக்க முடியாமல் கியர் மாறி மாறி விழும். 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கும் கொல்லிமலையில், குடும்பத்தோடு ஏறும்போது நடக்கவேண்டிய விஷயம் அல்ல இது. முன்னால் இரண்டு மட்டும் புது அளவு, பின்னால் பழைய அளவு என்று ஓட்டுவது இன்னும் மோசம். சக்கர வேகங்கள் முரண்பட்டால் ஏ.பி.எஸ்-க்கும் குழப்பம் வரும்.

பிரேக் லைட்டும் கூடுதல் வயரிங்கும்: 'பி'-யிலிருந்து லீவரே அசையவில்லையா? ஏ.எம்.டி காரில் 'என்'-னிலிருந்து 'டி'-க்கு மாற மறுக்கிறதா? கியர்பாக்ஸைத் தொடுவதற்கு முன், பிரேக் லைட்டைப் பாருங்கள். பிரேக் மிதித்திருந்தால்தான் லீவரை விடுவிக்க வேண்டும் என்பது ஆட்டோமேட்டிக் கார்களின் பாதுகாப்பு விதி. பல கார்களில் அந்தத் தகவல் பிரேக் லைட் எரியும் அதே சுவிட்ச்சிலிருந்துதான் வருகிறது. டிக்கிக் கதவில் எல்.இ.டி பட்டை ஒட்டும்போது வயர் உரசி ஃபியூஸ் போயிருந்தால், லைட்டும் எரியாது, லீவரும் நகராது.

வீட்டில் ஒருவரைக் காருக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். காரை ஆன் செய்து, 'பி'-யில் ஹேண்ட் பிரேக்குடன் வைத்து, பிரேக்கை மிதித்து விடுங்கள். 'பி' இல்லாத ஏ.எம்.டி என்றால் 'என்'-னில் வையுங்கள். மிதிக்கும்போது எரிய வேண்டும். விட்டதும் அணைய வேண்டும். விட்ட பிறகும் எரிந்துகொண்டே இருந்தால், நீங்கள் எப்போதும் பிரேக்கில் கால் வைத்திருப்பதாக கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டிருக்கும். ஏ.எம்.டி கார் டிராஃபிக்கில் தானாக ஊராது. டார்க் கன்வெர்ட்டர் காரில், ஹைவேயில் இன்ஜினையும் கியரையும் நேரடியாகப் பூட்டும் லாக்-அப் விழாது. அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்று கூடுதலாக ஓடும், மைலேஜ் இறங்கும், க்ரூஸ் கன்ட்ரோலும் பிடிக்காது. ஒரு நிமிடச் சோதனை, பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

ஸ்டீரியோ, ஹாரன், ஃபாக் லேம்ப்: இவற்றுக்கான பவரை எந்த வயரிலிருந்து எடுத்தீர்கள், எர்த்தை எங்கே கொடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி. கம்பெனி வயரைக் கீறி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தால் அந்த இணைப்பு சூட்டிலும் அதிர்விலும் தளரும். ஏ.எம்.டி ஆக்சுவேட்டர் மின்சாரத்தை நம்பி வேலை செய்வது. வோல்டேஜ் இறங்கினால் கியர் விழாமல் தடுமாறும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இன்ஜின் அணைந்து சில மணி நேரம் ஆன பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.7 வரை இருக்கும். புது கார்கள் சிலவற்றில் இது ஏறி இறங்கும். ஏசி, ஹெட்லைட் இரண்டையும் போட்டதும் 13-க்கும் கீழே போய் அங்கேயே நின்றால், எர்த்தையும் பேட்டரி முனைகளையும் பார்க்க வேண்டும். ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி சாக்கெட்டில் ஜி.பி.எஸ் டிராக்கர் எதையாவது செருகி மறந்திருந்தால், அதையும் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினீர்களா? அப்படியென்றால் நிம்மதியாக இருக்க ஒரு வாய்ப்பு உண்டு. உங்கள் ஓட்டும் பழக்கத்துக்கும் கிளட்ச் தேய்மானத்துக்கும் ஏற்ப, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளும். பல கார்களில் பேட்டரியைக் கழற்றினால் அந்த நினைவு அழிந்து, மறுபடி பாலபாடத்திலிருந்து தொடங்கும். சில நாள் நிதானமாக ஓட்டினால் படிந்துவிடும். ஆனால், ஏ.எம்.டி-யில் கிளட்ச்சையோ ஆக்சுவேட்டரையோ மாற்றியிருந்தால் தானாகப் படியும் என்று காத்திருக்கக் கூடாது. ஸ்கேனர் வைத்து புது கிளட்ச்சைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஆயில்: இங்கே மட்டும் விளையாட்டு கிடையாது

மேலே சொன்னவை எல்லாம் கழற்றினால் சரியாகிவிடுபவை. ஆயிலில் செய்த தவறு அப்படி அல்ல. அது உள்ளே போய்விட்டது.

வீட்டிலேயே இன்ஜின் ஆயில் மாற்றுபவர்கள் செய்யும் பிரபலமான தவறு ஒன்று உண்டு. காருக்கு அடியில் இருக்கும் இரண்டு போல்ட்டுகளில், இன்ஜின் ஆயில் போல்ட் என்று நினைத்து கியர்பாக்ஸ் போல்ட்டைத் திறந்துவிடுவார்கள். பிறகு மேலே இன்ஜினில் புது ஆயிலை ஊற்றுவார்கள். இப்போது இன்ஜினில் இரண்டு மடங்கு ஆயில், கியர்பாக்ஸில் ஆயிலே இல்லை. வடித்த ஆயில் கறுப்பாக இல்லாமல் சிவப்பாகவோ, பச்சையாகவோ, தெளிவாகவோ இருந்திருந்தால், அதன் பிறகு 'டி'-யில் போட்டால் கார் நகரவில்லை என்றால், இன்ஜினை உடனே அணையுங்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம்கூட ஓட்டிப் போகாதீர்கள்.

ஆயில் வகையும் முக்கியம். டார்க் கன்வெர்ட்டருக்கான ஏ.டி.எஃப், சி.வி.டி-க்கு ஆகாது. சி.வி.டி-யில் பெல்ட்டும் புல்லியும் வழுக்காமல் பிடிக்க அதற்கென்றே செய்த ஆயில் வேண்டும். ஏ.எம்.டி-யில் கியருக்கு ஒரு ஆயில். ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் இருந்தால் அதற்குத் தனியாக இன்னொன்று. "எல்லா வண்டிக்கும் ஏற்றது" என்று கேனில் எழுதியிருப்பதைவிட, உங்கள் கார் கையேட்டில் எழுதியிருக்கும் பெயர்தான் கணக்கு.

அளவு அதைவிட முக்கியம். குறைந்தால் 'டி'-யில் போட்டதும் தாமதம், ஏற்றத்திலும் வளைவிலும் வழுக்கல். கூடினால் உள்ளே சுற்றும் பாகங்கள் ஆயிலை நுரையாக அடித்துவிடும். நுரைக்கு அழுத்தம் கிடையாது, அதனாலும் வழுக்கல். இன்றைய பல கியர்பாக்ஸ்களில் ஆயில் பார்க்கும் குச்சியே கிடையாது. சமதளத்தில், இன்ஜின் ஓடும்போது, ஆயில் கையேட்டில் சொன்ன சூட்டில் இருக்கும்போது, ஒரு சிறு போல்ட்டைத் திறந்து வழிவதைப் பார்த்துத்தான் அளவு வைக்க வேண்டும். ஜாக்கியில் ஒரு பக்கம் தூக்கி வைத்துக்கொண்டு செய்தால் அளவு நிச்சயம் தப்பும். லிஃப்ட்டும் ஸ்கேனரும் இல்லாத வீட்டு வாசலில் இந்த வேலை வேண்டாம்.

வரிசையாகத் தேடுவது எப்படி?

1. என்ன செய்தீர்கள், என்று செய்தீர்கள், கோளாறு முதலில் எப்போது தெரிந்தது என்று மொபைலில் எழுதுங்கள். கியர்பாக்ஸுக்குச் சம்பந்தமே இல்லை என்று தோன்றும் வேலையையும் எழுதுங்கள்.

2. டாஷ்போர்டில் விளக்கு எரிந்தால் போட்டோ எடுத்து வையுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.பி.டி ப்ளூடூத் அடாப்டர் இருந்தால் கோட் எண்ணைப் படியுங்கள். அழிக்காதீர்கள். 'கிளியர்' பட்டனை அழுத்தினால் விளக்கு அணையும். அதோடு சாட்சியும் அழியும்.

3. கோட் எண் தீர்ப்பு அல்ல, திசை. பி0700 என்றால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ சொல்ல வருகிறது என்று மட்டும் பொருள். விவரம் அதற்குள் வேறு எண்ணில் இருக்கும். பி0705 லீவரின் இடத்தைச் சொல்லும் சென்சார் பக்கம் கைகாட்டும். பி0571 பிரேக் சுவிட்ச். பி0562 வோல்டேஜ் குறைவு. பி2138 ஆக்சிலரேட்டரின் இரண்டு சென்சார்களும் முரண்படுவது. யு0101 கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரோடு பேச்சுவார்த்தை அறுந்தது. மலிவான அடாப்டர்கள் இன்ஜின் கோடுகளை மட்டும் படித்துவிட்டு "எல்லாம் நலம்" என்றும் சொல்லும். அதனால் ஒன்றும் காட்டாவிட்டால் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது.

4. கடைசியாக மாட்டியதை முதலில் கழற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். நான்கையும் சேர்த்துக் கழற்றினால் கார் சரியாகும். ஆனால், எது குற்றவாளி என்று தெரியாது.

5. ஒவ்வொன்றைக் கழற்றிய பிறகும் அதே ரோட்டில், அதே நேரத்தில், கூட்டமில்லாத இடத்தில் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதும், அரை மணி நேரம் ஓடிய பிறகும் என இரண்டு முறை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொள்ளட்டும். ஓட்டுபவர் மொபைலைத் தொட வேண்டாம்.

6. எல்லாம் கழற்றியும் கோளாறு அப்படியே இருந்தால், சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். என்ன செய்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால், மெக்கானிக் தேடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் கொடுக்கப்போவது நீங்கள்தான்.

ஒரு தவறை மறைக்க இன்னொன்று மாட்டுவதுதான் இதில் பெரிய பொறி. பூஸ்டரால் வந்த குலுக்கலுக்கு ஆயிலில் ஒரு மருந்து, அதற்கும் சரியாகாமல் இன்ஜின் ரீமேப் என்று போனால், பிறகு எந்த மெக்கானிக்காலும் முதல் முடிச்சைக் கண்டுபிடிக்க முடியாது.

உடனே நிறுத்தவேண்டிய நேரம் எது?

இன்ஜின் சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கருகிய வாடை வருகிறது. இரும்பு அரைபடும் சத்தம் கேட்கிறது. காருக்கு அடியில் ஆயில் சொட்டுகிறது. 'என்'-னில் போட்டும் கார் நகரப் பார்க்கிறது. 'பி'-யில் போட்டும் சரிவில் நிற்கவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிடுங்கள். சோதனை ஓட்டம் எல்லாம் இல்லை.

ஒரே கியரில் சிக்கிக்கொண்டு விளக்கு எரிந்தால், அது கார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் 'லிம்ப் மோடு'. பக்கத்தில் பாதுகாப்பான இடம் வரை மெதுவாகப் போவதற்காகக் கொடுக்கப்பட்ட சலுகை. அதை வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

கயிறு கட்டி இழுப்பதும் வேண்டாம். பல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் ஆயிலைச் சுற்றவிடும் பம்ப், இன்ஜின் ஓடினால்தான் ஓடும். இன்ஜின் அணைந்த காரை முன் சக்கரம் தரையில் உருள இழுத்தால், கியர்பாக்ஸ் உள்ளே வறண்டு தேயும். காரை முழுதாகத் தூக்கி ஏற்றிச் செல்லும் ஃபிளாட் பெட் வண்டியைக் கேட்டு வாங்குங்கள்.

வாரன்டியும் சட்டமும்

வயரைக் கீறியிருந்தால், அது சம்பந்தப்பட்ட கோளாறுக்கு வாரன்டி மறுக்கப்படலாம். இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், கிளெய்ம் நேரத்தில் கேள்வியாக வரலாம். கம்பெனி பதிவு செய்த விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. மேட்டுக்கும் சீட் கவருக்கும் யாரும் அபராதம் போடப்போவதில்லை. டயர் அளவு, இன்ஜின் ரீமேப் போன்றவற்றில் கைவைக்கும் முன், எது அனுமதிக்கப்பட்டது என்று ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

காரை அழகுபடுத்துவது தப்பில்லை. அது பலருக்கும் வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு. அதன் மேல் ஆசை இருப்பது இயல்புதான். அடுத்த முறை பார்சலைப் பிரிக்கும் முன் இரண்டு காரியம் மட்டும் செய்யுங்கள். எதையெல்லாம் கழற்றப்போகிறீர்களோ, அந்த இடங்களை அப்படியே போட்டோ எடுத்துவையுங்கள். கழற்றிய கம்பெனி பொருளை ஒரு டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். நாளை கார் மக்கர் பண்ணினால், அந்த டப்பாவும் அந்த போட்டோவும்தான் உங்களுக்கு முதல் மெக்கானிக்.